மொரீஷியஸ் கடல் முயலும் டோலாஸ்டாட்டின் 10-உம்: விலங்குவழிப் பொருள் ஒன்று மருந்தான கதை பற்றிய நிகழ்வு ஆய்வு

1972-ஆம் ஆண்டில் மொரீஷியஸ் தீவை ஒட்டிய இந்தியப் பெருங்கடலில் சேகரிக்கப்பட்ட ஒரு மெல்லுடலி, 2011-இல் ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்தின் தொடக்கப் புள்ளியாக அமைந்தது. அந்த உயிரியின் அறிவியற் பெயர் டோலபெல்லா ஆரிகுலேரியா. பொதுவழக்கில் கடல் முயல். அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருளுக்கு டோலாஸ்டாட்டின் 10 என்று பெயர். நம் தீவில் இந்தச் செய்தியை அறிந்தவர்கள் இதைக் கடல் தந்த கொடை என்று பெருமையுடன் சொல்வது வழக்கம். அந்தப் பெருமையில் நியாயம் உண்டு. ஆனால் நடந்தவற்றைக் கால வரிசையில் வைத்துப் படித்தால், விலங்கிலிருந்து நமக்குக் கிடைத்தது மருந்து அன்று, மருந்துக்கான ஒரு மூலக்கூறு வடிவம் மட்டுமே என்பதும், அந்த வடிவத்தையும் விலங்கு தானாக உருவாக்கவில்லை என்பதும் தெளிவாகும். விலங்குவழிப் பொருள்களைப் புற்றுநோய் ஆய்வில் பயன்படுத்த விரும்பும் எவருக்கும் இந்த வேறுபாடு நடைமுறையில் மிக முக்கியமானது என்று நான் கருதுவதால், இந்த ஒரு நிகழ்வை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாக ஆராய்கிறேன்.

உயிரியும் அதன் சாறும்

நம் கடற்கழிகளில் நீர் வற்றும் வேளையில் கடற்புல் திட்டுகளினூடே நடப்பவர்கள் கடல் முயலைப் பார்த்தும் பாராமல் கடந்து போவதே அதிகம். பச்சையும் பழுப்பும் கலந்த நிறத்தில், தோல் முழுவதும் சிறு முடிச்சுகளுடன், பாசி படர்ந்த கல்லைப் போல் அது கிடக்கும். முன்பகுதி ஒடுங்கியும் பின்பகுதி பருத்தும் இருக்கும். பின்முனை, கத்தியால் சாய்வாக வெட்டியெடுத்தது போன்ற தட்டையான வட்டமாக முடியும். தலையில் சுருட்டிய காது போல் நிற்கும் இரண்டு உணர்கொம்புகளே முயல் என்ற பெயருக்குக் காரணம். ஓடு வெளியே தெரியாது. உடலுக்குள் சிறு தகடாகச் சுருங்கியிருக்கும். தொந்தரவு செய்தால் அடர்ந்த ஊதா நிற மையை வெளியேற்றும். ஓட்டின் காப்பு இல்லாத, விரைந்து ஓடவும் முடியாத ஓர் உயிர், மீன்களும் நண்டுகளும் நிறைந்த இடத்தில் பிழைத்திருக்கிறது என்றால் அதற்கு வேதியியல் காப்பு இருக்க வேண்டும் என்ற ஊகம் பழையது. கடல் முயல் நஞ்சுடையது என்று முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் பெட்டிட் தலைமையிலான குழு, கடல் உயிரிகளின் சாறுகளை எலி லுகேமியா (இரத்தப் புற்றுநோய்) செல்களின் மீது செலுத்தி, செல் வளர்ச்சியைத் தடுப்பவை எவை என்று தேடிக்கொண்டிருந்தது. மொரீஷியஸ் கடல் முயலின் சாறு அந்தச் சோதனையில் வலுவாகச் செயல்பட்டது. ஆனால் சாற்றில் செயல்படும் பொருள் எது என்று கண்டறிவதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. டோலாஸ்டாட்டின் 10-இன் கட்டமைப்பு 1987-இல்தான் வெளியிடப்பட்டது. தாமதத்துக்குக் காரணம் அளவு. ஒரு டன்னுக்கும் மேற்பட்ட கடல் முயல்களிலிருந்து கிடைத்தது 30 மில்லிகிராமுக்கும் குறைவு; கையில் வைத்துப் பார்த்தால் ஒரு சிட்டிகைக்கும் காணாத தூள். அந்தச் சிறு அளவை வீணாக்காமல் மீண்டும் மீண்டும் பிரித்து, தூய்மைப்படுத்தி, அணுக்களின் அமைப்பை வரைவது அக்காலக் கருவிகளைக் கொண்டு எத்தகைய பொறுமையான வேலையாக இருந்திருக்கும் என்பதை ஆய்வகத்தில் நிற்பவர்கள் உணர்வார்கள்.

கிடைத்த பொருள் ஐந்து கூறுகள் கோத்த ஒரு குறும் பெப்டைடு, அதாவது புரதத்தின் சிறு துண்டு போன்ற சங்கிலி. அந்த ஐந்தில் வேலின் ஒன்றுதான் நம் உடலின் புரதங்களிலும் காணப்படும் சாதாரண அமினோ அமிலம். மற்ற நான்கும் வழக்கத்துக்கு மாறானவை. எலி லுகேமியா செல்களின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்க, ஒரு மில்லிலிட்டரில் ஒரு நானோகிராமின் இருபதில் ஒரு பங்கு போதுமானதாக இருந்தது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்லும் நுண்குழல்கள் டியூபுலின் என்னும் புரதத்தால் கட்டப்படுகின்றன. டோலாஸ்டாட்டின் 10 இந்த டியூபுலினைப் பற்றிக்கொண்டு நுண்குழல்களைக் கட்ட விடாமல் செய்கிறது. பிரிய முயலும் செல் பாதி வழியில் நின்று இறக்கிறது. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படும் வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தும் இதே புரதத்தில் இதற்கு அருகிலுள்ள இடத்தில்தான் பிணைகிறது.

நேரடிப் பயன்பாடு தோற்றது ஏன்

1989-இல் பெட்டிட் குழுவே இந்த மூலக்கூறை ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுத்துக் காட்டியது. அந்த நாளிலிருந்து கடல் முயலைப் பிடிக்க வேண்டிய தேவை முடிந்தது என்றே சொல்லலாம். 1990-களில் டோலாஸ்டாட்டின் 10 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. முதற்கட்டச் சோதனையில் வெள்ளணுக்கள் கடுமையாகக் குறைந்ததால் அளவை உயர்த்த இயலவில்லை. இரண்டாம் கட்டத்தில், உறுப்புகளில் கட்டியாகத் திரளும் புற்றுகளான திண்மக் கட்டிகள் பலவற்றில் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. ஆய்வகத் தட்டில் வியப்பூட்டிய பொருள், மனித உடலுக்குள் தன் இலக்கையும் இலக்கல்லாததையும் பிரித்தறிய இயலாத நஞ்சாக நின்றுவிட்டது.

இந்தத் தோல்வியை மூலக்கூறின் குறை என்று மட்டும் எழுதி முடிப்பது சரியாகாது. சோதனை முறையின் குறையும் இதில் கலந்திருந்தது. எலி லுகேமியா செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் திரவத்தில் மிதந்து வளர்பவை. மருந்து ஒவ்வொரு செல்லையும் எளிதாக அடையும். மார்பகத்திலோ குடலிலோ எழும் கட்டி அப்படிப்பட்டதன்று. கொலாஜன் இழைகளும் லாமினின் போன்ற புரதங்களும் பின்னிய ஒரு தளத்துக்குள் அது புதைந்து கிடக்கிறது. மருந்து உள்ளே ஊடுருவுவதையும், செல்கள் அதற்குத் தாக்குப்பிடிப்பதையும் அந்தத் தளமே பெருமளவு தீர்மானிக்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் எலி லுகேமியாவை முதன்மைச் சோதனையாகக் கொள்ளும் முறையைக் கைவிட்டு, 1990 முதல் 60 மனிதப் புற்றுச்செல் வரிசைகளைக் கொண்ட சோதனையை நடைமுறைப்படுத்தியதற்கும் இத்தகைய அனுபவங்களே பின்னணி.

விலங்குவழி உயிர்ப்பொருள்களின் இன்னொரு பெரும் பிரிவு இங்கேதான் ஆய்வுக்குள் நுழைகிறது. கட்டிச் செல்களை முப்பரிமாணத்தில் வளர்க்க உலக ஆய்வகங்கள் பலவும் மேட்ரிஜெல் என்னும் கூழையே நம்பியிருக்கின்றன. அது எலியின் ஒருவகைச் சதைப் புற்றிலிருந்து எடுக்கப்படுவது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு லாமினின், 30 விழுக்காடு நான்காம் வகைக் கொலாஜன். குளிர்ப்பெட்டியில் திரவமாக இருந்து, உடல் வெப்பத்தில் கெட்டிப்படும் தன்மையால் கையாள்வது எளிது. ஆனால் அதற்குள் 1,800-க்கும் மேற்பட்ட புரதங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் கலவை மாறுகிறது. ஆகவே, இன்று கிடைத்த முடிவு நாளை வேறு புட்டியில் அப்படியே கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது. கட்டியிலிருந்து எடுத்த கூழில் இன்னொரு கட்டியை வளர்க்கும்போது, செல்லின் நடத்தை எது, கூழின் தூண்டுதல் எது என்று பிரிப்பதும் கடினம். மீன்தோல் கொலாஜன், பட்டுப் புரதம், இறால் ஓட்டிலிருந்து வரும் கைட்டோசான் ஆகியவற்றின் மீது ஆய்வாளர்களின் கவனம் திரும்பியிருப்பதற்கு இது ஒரு காரணம். சூரை மீன் பதப்படுத்தும் தொழில் போர்ட் லூயி துறைமுகத்தில் பெரிய அளவில் நடைபெறும் நம் நாட்டுக்கு இது கவனிக்கத்தக்க செய்தி. ஒதுக்கப்படும் தோலில் கொலாஜன் உள்ளது. ஆனால் மீன் கொலாஜன் பாலூட்டிகளின் கொலாஜனைவிடக் குறைந்த வெப்பத்திலேயே குலைந்துவிடும். 37 பாகையில் செல்களைத் தாங்கி நிற்க வேண்டுமானால் அதற்குக் குறுக்குப் பிணைப்புகள் ஏற்படுத்த வேண்டும். ரெதுயியில் உள்ள மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் உயிர்ப்பொருள் ஆய்வுக்கென்றே ஒரு மையம் இயங்குவதால், இத்தகைய கேள்வியை எடுத்துக்கொள்வதற்கான அடித்தளம் இங்கே இருக்கிறது.

உண்மையில் உருவாக்கியது யார்

டோலாஸ்டாட்டின் 10 கடல் முயலின் உடலில் மிகக் குறைவாக இருந்ததே ஆய்வாளர்களின் ஐயத்தைத் தூண்டியிருந்தது. 1998-இல், குவாம் தீவில் எடுக்கப்பட்ட சிம்ப்ளோகா என்னும் நீலப்பச்சைப்பாசியில் டோலாஸ்டாட்டின் 10-ஐ மிக நெருங்கிய சேர்மம் ஒன்று கிடைத்தது. 2001-இல், பலாவு தீவில் எடுத்த சிம்ப்ளோகாவிலிருந்து டோலாஸ்டாட்டின் 10 என்ற அதே சேர்மமே நேரடியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. ஜப்பானை ஒட்டிய கடலில் வாழும் இதே இனக் கடல் முயலிலிருந்து 1996-இல் வெளியான ஆரிலைடு என்னும் சேர்மம் முற்றிலும் வேறு கட்டமைப்பு உடையது. இனம் ஒன்றாக இருந்தும் இடத்துக்கு இடம் பொருள் மாறுகிறது என்றால், பொருள் இனத்துக்குரியது அன்று, அது மேயும் இடத்துக்குரியது என்றே கொள்ள வேண்டும். கடல் முயல் பாசியை உண்கிறது. பாசியின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைக்கிறது. ஒரு டன் உயிர்களைப் பிடித்தும் ஒரு சிட்டிகையே கிடைத்ததற்கு விளக்கம் இதுதான்.

இது தனி நிகழ்வு அன்று. கரீபியக் கடலின் உறையுடலி வகை விலங்கு ஒன்றிலிருந்து வந்ததாகக் கருதப்பட்ட டிராபெக்டெடின் என்னும் புற்றுநோய் மருந்தையும், அந்த உயிரிக்குள் வாழும் பாக்டீரியமே உருவாக்குகிறது என்று பின்னர் தெரியவந்தது. எனவே ஒரு கடல் விலங்கின் சாறு புற்றுச்செல்லைக் கொல்கிறது என்ற அறிக்கையைப் படிக்கும்போது, அந்த விலங்கு எதை உண்டது, அதன் உடலில் எந்த நுண்ணுயிர் குடியிருக்கிறது என்ற விவரங்களை நான் முதலில் தேடுகிறேன். அவை இல்லாத அறிக்கையைக் கொண்டு அடுத்த ஆய்வாளர் அதே சாற்றைத் திரும்பப் பெறுவது அரிது.

மூலக்கூறுக்குக் கிடைத்த ஊர்தி

தோற்றுப்போன மூலக்கூறு மருந்தானதற்குக் காரணம், அதன் நச்சுத்தன்மையைக் குறைக்க முயல்வதை விட்டுவிட்டு, அந்த நஞ்சைச் சரியான இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் வழியை ஆய்வாளர்கள் தேடியதுதான். அமெரிக்காவின் சியாட்டில் ஜெனிட்டிக்ஸ் நிறுவனம் டோலாஸ்டாட்டின் 10-இன் அமைப்பைச் சற்றே மாற்றி எம்.எம்.ஏ.இ. என்னும் தொகுப்புச் சேர்மத்தை உருவாக்கியது. மாற்றங்கள் இரண்டு: ஒரு முனையில் இருந்த வழக்கத்துக்கு மாறான கூறுக்குப் பதில் எளிதில் கிடைக்கும் ஒரு கூறு வைக்கப்பட்டது, மறுமுனையில் இருந்த இரண்டு மீத்தைல் தொகுதிகளில் ஒன்று நீக்கப்பட்டது. இந்த இரண்டாவது மாற்றம் பார்வைக்கு அற்பமானது. ஆனால் அதனால் ஏற்பட்ட இடத்தில்தான் ஓர் இணைப்பானைப் பொருத்த முடிந்தது. இணைப்பானின் மறுமுனை, குறிப்பிட்ட இலக்கை மட்டும் பற்றிக்கொள்ளும் ஓர் எதிர்ப்புரதத்தோடு (ஆன்டிபாடி) இணைக்கப்பட்டது. ஹாட்ஜ்கின் நோயில் புற்றுச்செல்களின் மேற்பரப்பில் மிகுதியாகக் காணப்படும் சி.டி.30 என்னும் புரதத்தை அந்த எதிர்ப்புரதம் தேடிப் பிடிக்கும். செல் அதை உள்வாங்கிக்கொண்டபின், உள்ளிருக்கும் கேத்தெப்சின் போன்ற நொதிகள் இணைப்பானை வெட்டுகின்றன. நஞ்சு அங்கேதான் விடுபடுகிறது. ஓர் எதிர்ப்புரதம் சராசரியாக நான்கு எம்.எம்.ஏ.இ. மூலக்கூறுகளைச் சுமக்கிறது.

பிரென்டக்சிமாப் வெடோட்டின் என்ற பெயரில் இந்த மருந்து 2011 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றது. அதற்கு ஆதாரமான சோதனையில், தம் சொந்தத் தண்டுச்செல்களையே திரும்பச் செலுத்தும் மாற்றுச் சிகிச்சைக்குப் பின்னும் நோய் தணியாத அல்லது திரும்பிய 102 ஹாட்ஜ்கின் நோயாளிகள் பங்கேற்றனர். அவர்களில் 75 விழுக்காட்டினருக்குக் கட்டிகள் சுருங்கின. 34 விழுக்காட்டினருக்கு நோயின் தடயமே தென்படாத நிலை ஏற்பட்டது. பின்னர், முற்றிய நிலையில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களுக்கு முதற்சிகிச்சையிலேயே இதைச் சேர்த்துக் கொடுத்தபோது, ஆறு ஆண்டுகளில் உயிருடன் இருந்தோர் 93.9 விழுக்காடு; பழைய கூட்டு மருந்தில் 89.4 விழுக்காடு. அதே எம்.எம்.ஏ.இ.-ஐ வேறு எதிர்ப்புரதங்களில் ஏற்றிய போலடுசுமாப் வெடோட்டினும் என்ஃபோர்டுமாப் வெடோட்டினும் 2019-இல் வந்தன. இவற்றுள் பின்னதை நோயெதிர்ப்பு மருந்தொன்றுடன் சேர்த்து, பரவிய சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் கொடுத்த சோதனையில் இடைநிலை வாழ்நாள் (நோயாளிகளில் பாதிப் பேர் உயிருடன் கடந்த காலம்) 16.1 மாதத்திலிருந்து 31.5 மாதமாக உயர்ந்தது. திண்மக் கட்டிகளில் பயன் தராது என்று கைவிடப்பட்ட மூலக்கூறின் வழித்தோன்றல், திண்மக் கட்டியொன்றிலேயே இத்தகைய மாற்றத்தைத் தந்திருக்கிறது.

மருந்தை அருகில் வைத்துப் பார்ப்போம். ஒரு புட்டியில் 50 மில்லிகிராம், உலர்ந்த வெண்கட்டியாக இருக்கும். மருந்தாளுநர் அதில் 10.5 மில்லிலிட்டர் தூய நீரைப் புட்டியின் சுவரோரமாக இறக்கி, குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைக்கிறார். குலுக்கினால் புரதம் கெடும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.8 மில்லிகிராம் என்ற கணக்கில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அரைமணி நேரத்தில் இரத்த நாளம் வழியாக அது செலுத்தப்படும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு தடவைக்கு 108 மில்லிகிராம். அதில் நஞ்சின் பங்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம்தான். பதினாறு சுற்றுகள் கொடுத்தால் மொத்தம் சுமார் 32 மில்லிகிராம். அதாவது, ஒரு டன்னுக்கும் மேற்பட்ட கடல் முயல்களை அழித்துப் பெற்ற மொத்தப் பொருளும், ஒரே ஒரு நோயாளியின் முழுச் சிகிச்சைக்கு ஏறக்குறைய ஈடாகும் அளவுதான். தொகுப்பு வேதியியல் கைகொடுத்திராவிட்டால், இன்று உலகெங்கும் இம்மருந்தைப் பெறுவோருக்காக நம் கடலை வெறுமையாக்கியிருந்தாலும் போதாமல் போயிருக்கும்.

பக்கவிளைவையும் சொல்ல வேண்டும். நரம்புச் செல்களின் நீண்ட இழைகளில் பொருள்களைக் கொண்டுசெல்லும் பாதைகளும் நுண்குழல்களே என்பதால், கைகால் விரல்களில் மரமரப்பும் எரிச்சலும் பலருக்கு உண்டாகின்றன. அளவைக் குறைக்கவோ சிகிச்சையை நிறுத்தவோ வேண்டிய நிலையும் வருகிறது.

நம் மக்களிடையே எழும் கேள்வி

கோயில் மண்டபத்தில் நடந்த ஓர் உடல்நலக் கூட்டத்தில் இந்த வரலாற்றைச் சொன்னபோது, ஒரு பெரியவர், வீட்டில் நோயாளி இருப்பவர், கடல் முயலைச் சமைத்துக் கொடுத்தால் பயன்படுமா என்று கிரியோலில் கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த தவிப்பை அங்கிருந்த எல்லோரும் உணர்ந்தோம். பயன்படாது, தீங்கே விளையும் என்பதுதான் அவருக்குச் சொல்லவேண்டிய விடை: கடல் முயலின் உடலில் வேறு பல நச்சுகளும் உண்டு, டோலாஸ்டாட்டினோ தனியாகச் செலுத்தப்பட்டபோது மருத்துவமனைக் கண்காணிப்பிலேயே வெள்ளணுக்களை வீழ்த்திய பொருள்.

சுறாக் குருத்தெலும்பின் கதை இதற்குப் பாடமாக உள்ளது. சுறாக்களுக்குப் புற்றுநோய் வராது என்ற தவறான நம்பிக்கையின் மீது 1990-களில் ஒரு பெரும் வணிகமே எழுந்தது. சுறாக்களிலும் கட்டிகள் பதிவாகியுள்ளன. குருத்தெலும்பிலிருந்து முறைப்படி தயாரித்த சாறு ஒன்று, 379 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் கடுமையான ஒப்பீட்டு முறையில் சோதிக்கப்பட்டது. 2010-இல் வெளியான முடிவின்படி வாழ்நாளில் எந்த நீட்சியும் இல்லை. கடல் முயலும் சுறாவும் ஒரே கடலின் உயிர்கள்தாம். ஆனால் ஒன்றில் செயல்படும் மூலக்கூறு தனித்துப் பிரிக்கப்பட்டு, அது செயல்படும் முறை விளங்கிக்கொள்ளப்பட்டது. மற்றொன்றில் அந்த வேலை நடப்பதற்கு முன்பே மாத்திரை கடைக்கு வந்துவிட்டது.

உரிமையும் கடற்கழியும்

1972-இல் வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் ஒரு நாட்டின் கடல் உயிரியை எடுத்துச் சென்றால், அதிலிருந்து வரும் பயனில் அந்நாட்டுக்குப் பங்கு கேட்கும் பன்னாட்டு ஒப்பந்தம் எதுவும் இல்லை. உயிரியற் பன்மை உடன்படிக்கை 1992-இல்தான் உருவானது. அதை முதலில் உறுதிசெய்த நாடு மொரீஷியஸ் என்பதை நம்மில் பலர் அறியோம். மரபுவளப் பயன்பகிர்வுக்கான நகோயா நெறிமுறையிலும், 2014-இல் அது நடைமுறைக்கு வருமுன்பே நம் நாடு இணைந்துகொண்டது. ஆனால் இந்த நிகழ்வு அந்தச் சட்டங்களின் எல்லையையும் காட்டுகிறது. மருந்தில் இருப்பது கடல் முயலின் பொருள் அன்று. அதைப் பார்த்து வரைந்து, மாற்றியமைத்து, ஆய்வகத்தில் கட்டிய பொருள். அதே வடிவம் பலாவுப் பாசியிலும் கிடைக்கிறது. எந்தக் கடலுக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பதற்கு நேரான வழி இல்லை. என் பார்வையில், பங்குத்தொகையைவிட, மாதிரி எடுக்கும் நாளிலிருந்தே உள்ளூர் ஆய்வாளர்கள் அந்த வேலையில் உடனிருப்பதும், அவர்களுக்குக் கருவியும் பயிற்சியும் வந்து சேர்வதும் நமக்குக் கூடுதல் பயன் தரும். மொரீஷியஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் நம் கடற்பஞ்சுகளின் சாறுகளைப் புற்றுச்செல்களின் மீது சோதித்து முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். அத்தகைய உழைப்பை வளர்த்தெடுப்பதே தேவை.

2020 ஜூலையில் வகாஷியோ கப்பல் புவாந்த் தெனி அருகே பவளத்திட்டில் மோதி, ஆகஸ்டில் ஏறத்தாழ ஆயிரம் டன் எரிஎண்ணெய் மஹேபூர்க் பக்கத்துக் கடற்கழியில் கசிந்தபோது, மீனவர்களின் வாழ்வும் சதுப்புக்காடும் பேசப்பட்டன, பேசப்பட வேண்டியவையே. அந்த அடித்தளத்தில் படர்ந்திருந்த பாசிகளைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலர். இவ்வாய்வு காட்டுகிறபடி மதிப்புமிக்க மூலக்கூறுகளின் பிறப்பிடம் பெரும்பாலும் கண்ணில் படாத அந்தப் பாசிகளும் நுண்ணுயிர்களும்தாம். ஆகவே, நம் கடற்கழியில் இனி மாதிரி எடுப்பவர்கள் விலங்கை மட்டும் பனிக்கட்டியில் இட்டுச் செல்லாமல், அதன் இரைப்பையில் உள்ளதைத் தனிக் குப்பியிலும், அது மேய்ந்த இடத்துப் பாசியை இன்னொரு குப்பியிலும் எடுத்து, இடம், ஆழம், நாள், அனுமதி எண் ஆகியவற்றோடு பதிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியை இந்தத் தீவிலேயே உறைநிலையில் சேமித்து வைக்க வேண்டும்.